480 நாளை நெருங்கும்போது நிறுத்தப்பட்டவர்கள் இருக்கிறீர்களா?

சூரமங்கலத்தான்:
24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு 463 ஆகியிருந்தது. வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். கேட்டில் சூப்பர்வைசர், "பாஸைக் குடு தம்பி, ஒரு மாசம் ரெஸ்ட் எடு" என்றார். நான் கழற்றுவதற்குள் அவரே கழுத்திலிருந்து உருவினார். கயிறு காதில் மாட்டிக்கொண்டது, அப்படியே இழுத்தார். பின்னால் வரிசையில் இருந்த ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மலைக்காரி:
உங்களுக்கு எண்ணுவதற்கு நாளாவது இருந்தது அண்ணா. ஏற்காட்டில் என் அம்மா காப்பிப் பழம் பறித்தார். சீசனில் மட்டும் வேலை, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் எடை போடும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று 2 கிலோ கழிப்பார்கள். ஒருநாள் அம்மா வெறும் சாக்கைத் தராசில் வைத்து, "எவ்வளவு காட்டுதுன்னு பாருங்கய்யா" என்றார். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. மறுநாள் அவரை மட்டும் பழம் இல்லாத ஓரத்துக்கு அனுப்பினார்கள்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
எனக்குக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. வாங்கின முன்பணம் அடையாமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது, அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலண்டர் வட்டத்தை யார் ஒத்துக்கொள்வார்கள்? பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. சந்தா விவரம், சம்பளம் ஏறின பேங்க் கணக்கு, இந்த மூன்றையும் மாசாமாசம் பிரிண்ட் எடுத்து வையுங்கள். தொழிலாளர்களை நிரந்தரமாக்குவதற்கான 1981 தமிழ்நாட்டுச் சட்டத்தை ஒருமுறை படியுங்கள். தொழிலாளி தப்பு இல்லாமல் வேலை நின்றால் பணித் தொடர்ச்சி அறுந்ததாகாது என்று அதிலேயே இருக்கிறது. எழுத்தில் கொடுக்காமல் பாஸை விட்டிருக்கவே கூடாது. சங்கத்துக்கும் போகாமல் தனியாக நின்றிருக்கிறீர்கள்.

சூரமங்கலத்தான்:
போகவில்லை என்று யார் சொன்னது? அன்று சாயங்காலமே போனேன். என்னோடு நிறுத்தின ஆறு பேரும் வருவதாகச் சொன்னதால் ஏழு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நான் மட்டும்தான் உட்கார்ந்தேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுத்த மாசம் பாஸ் திரும்பி வரும் என்ற ஆசை. பாஸ்புக்கையும் எடுத்துப்போனேன். ஒரே கேட், ஒரே மெஷின், ஆனால் பாஸ்புக்கில் காண்டிராக்டர் பெயர் இரண்டு தடவை மாறியிருந்தது. மாறினதே எங்களுக்குத் தெரியாது.
தங்கச்சி, அம்மா அந்த ஓரத்தில் பறித்தாரா?

மலைக்காரி:
பறித்தார். 9 கிலோ. அன்று மட்டும் கழிக்கவில்லை.