பெரு கேப்டன் சும்பிதாஸ் நெஜமாவே அவ்ளோ பெரிய டிஃபெண்டரா?

மிட்ஃபீல்ட்_மணி:
பழைய ஃபுட்பால் வேர்ல்ட் கப் மேட்ச்லாம் தேடித்தேடி பாத்துட்டிருக்கேன். 1970, 78 ரெண்டுலயும் பெருவுக்கு ஒரே கேப்டன், எக்டர் சும்பிதாஸ். சென்டர் பேக்னு (டிஃபென்ஸ்ல நடுவுல ஆடுறவர்) சொல்றாங்க, ஆனா ஆள் ரொம்ப உயரம் கம்மி. 78ல அர்ஜென்டினாகிட்ட 6-0 வாங்குன அன்னிக்கும் அவர்தான் கேப்டன். அப்படியிருந்தும் பெருல அவர தலைல தூக்கி வச்சு கொண்டாடுறாங்களே, ஏன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையமேட்ச்_பிரியன்:
நீங்க 70ல பல்கேரியா மேட்ச்ல இருந்து ஆரம்பிங்க பாஸ். மே 31 அன்னிக்கு பெருல பயங்கர நிலநடுக்கம், வாஸ்கரான் மலைலேர்ந்து பனியும் பாறையும் சரிஞ்சு யுங்காய்ங்கற ஊரையே மூடிருச்சு, பல்லாயிரம் பேர் செத்துட்டாங்க. அடுத்த ரெண்டாவது நாள் இவங்க மெக்சிகோல, லியோன் ஊர்ல ஆடணும், ஊர்ல சொந்தக்காரங்க இருக்காங்களா இல்லையான்னு மனசு அடிச்சுக்கிட்டிருக்கும்போது. செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல 2-0 பின்னாடி. உடனே கயார்டோ ஒண்ணு போடுறாரு, அஞ்சே நிமிஷத்துல பாக்ஸுக்கு வெளிய ஃப்ரீ கிக், சும்பிதாஸ் வந்து ஓங்கி அடிச்சாரு பாருங்க, 2-2. அப்புறம் குபிய்யாஸ் மூணாவது கோல் போட்டு 3-2ன்னு ஜெயிச்சாங்க. டீமே துவண்டு கிடக்கும்போது ஒரு டிஃபெண்டர் முன்னாடி வந்து அந்த பந்த எடுக்குறதுக்கு தனி தைரியம் வேணும். எனக்கு அந்த ஒரு கோல் போதும்.

ஆஃப்சைட்_அன்பு:
உயரம் பத்தி கேட்டீங்கல்ல, அவரோட பலமே அதுலதான் இருக்கு. பந்து எங்க விழும்னு முன்கூட்டியே கணிச்சு, சரியான நேரத்துல எகிறி, தன்னவிட உயரமான ஃபார்வர்ட தாண்டி தலைல முட்டிருவாரு. 1966லேர்ந்து 75 வரைக்கும் பெரு கிளப் யுனிவர்சிட்டாரியோ, 72ல அந்த டீம கோபா லிபர்டடோரஸ் (தென் அமெரிக்க கிளப்புகளுக்கான கப்) ஃபைனல் வரைக்கும் கொண்டு போனவங்கள்ல அவரும் ஒருத்தர், அப்புறம் மெக்சிகோல அட்லஸ், கடைசியா மறுபடி பெருல ஸ்போர்ட்டிங் கிறிஸ்டல், அங்க 40 வயசு வரைக்கும் ஆடுனாரு. நாட்டுக்காக 105 மேட்ச்!

கோல்போஸ்ட்_குமரன்:
எல்லாம் சரி, ஆனா 6-0வ அப்படியே தாண்டிப் போக முடியாது. அர்ஜென்டினா ஃபைனல் போகணும்னா நாலு கோல் வித்தியாசம் வேணும், கரெக்டா ஆறு விழுது, அதுவும் ராணுவ ஆட்சி நடந்த அவங்க சொந்த நாட்டுலயே. சந்தேகம் இன்னிக்கு வரைக்கும் இருக்கு, யாரும் நிரூபிக்கல. என்னைக் கேட்டா அந்த பாரத்த கேப்டன் தலைல மட்டும் வைக்கிறது ரொம்ப அநியாயம். அதே டோர்னமென்ட்ல முதல் ரவுண்ட்ல ஸ்காட்லாந்த 3-1 அடிச்சு, ஃபைனல் வரைக்கும் போன ஹாலந்த 0-0ல நிறுத்துனதும் அதே டிஃபென்ஸ்தான், அப்போ அவருக்கு 34 வயசு.

பழையமேட்ச்_பிரியன்:
@கோல்போஸ்ட்_குமரன் கரெக்ட். 75 கோபா அமெரிக்காவ (தென் அமெரிக்க நாடுகளுக்கான கப்) விட்டுட்டீங்களே! செமில பிரேசில பெலோ ஒரிசோன்டேலயே போய் 3-1 அடிச்சாங்க, லிமால 0-2 தோத்து சமமாகி, சீட்டு குலுக்கிப் போட்டுதான் பெரு ஃபைனல் போச்சு. அங்க கொலம்பியா, ஆளுக்கொரு மேட்ச் ஜெயிச்சு, மூணாவது மேட்ச் கராகஸ்ல, சோட்டில் கோல்ல 1-0. கப்ப வாங்குன கேப்டன் சும்பிதாஸ். தென் அமெரிக்காவுல அவருக்கு 'அமெரிக்காவின் கேப்டன்'னே பேரு.

மிட்ஃபீல்ட்_மணி:
நன்றி மக்களே. பல்கேரியா மேட்ச் இன்னிக்கு ராத்திரியே போடுறேன், ஹாலந்து மேட்ச் முழுசா எங்கயாவது கிடைச்சா லிங்க் போடுங்க.