ஐபிஎஃப்எஸ்: ஒரே பிடிஎஃப்புக்கு இரண்டு கணினியில் இரண்டு சிஐடி, கேட்வேயில் 504

சுவடிக்கட்டு கேட்டது:

ஸ்கேன் செய்த பழைய இதழ்கள், சுமார் 1,350 பிடிஎஃப். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 எம்பி, மொத்தம் 400 ஜிபி. ஐபிஎஃப்எஸ் என்னும் பரவல் கோப்பு வலையமைப்பில், கூபோ என்ற மென்பொருள் வழியாக ஏற்றியிருக்கிறோம். அலுவலகத்தில் பிராட்பேண்ட் இணைப்பில் ஒரு லினக்ஸ் கணினி, வெளியே 1 டிபி வட்டுள்ள வாடகை சர்வர் ஒன்று. இரண்டிலும் கோப்புகளின் அசல் நகல் இருக்கிறது, இரண்டிலும் தனித்தனியாக ஆட் (கோப்பைச் சேர்க்கும் கட்டளை) செய்தோம்.

அலுவலகக் கணினி தருவது க்யூஎம் என்று தொடங்கும் சிஐடி (உள்ளடக்கத்திலிருந்து உருவாகும் முகவரி). அதே பிடிஎஃப்புக்கு சர்வர் தருவது பாஃபி என்று தொடங்குகிறது. கோப்பு ஒன்றுதான், ஷா-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்துப் பார்த்தாயிற்று. அந்த ஷா-256 இரண்டு சிஐடியோடும் ஒத்துப்போகவில்லை.

தளத்தில் கொடுத்திருப்பது அலுவலகத்தின் க்யூஎம் முகவரிகள். பொது கேட்வேயில் (உலாவி வழியே ஐபிஎஃப்எஸ் கோப்பைத் திறக்கும் தளம்) திறந்தால் 504, அதாவது நேரம் கடந்த பிழை. சர்வரிலிருந்து அதே முகவரியை கெட் செய்தால் பிழைச்செய்திகூட வராமல் தொங்குகிறது. எல்லாம் ‘பின்’ (அழியாமல் வைக்கும் குறி) செய்யப்பட்டுத்தான் இருக்கிறது.

சர்வரில் 800 ஜிபிக்கு மேல் போய்விட்டது. குப்பை சேரக்கூடாது என்று டீமனை (பின்னணியில் ஓடும் கூபோ) எனேபிள்-ஜிசி (தானாகக் குப்பை அகற்றுவது) கொடுத்து ஓட்டுகிறோம். மணிக்கொரு தரம் வட்டு கதறுகிறது, இடம் மட்டும் குறைந்தபாடில்லை. எங்கே தப்பு?

---

மெர்க்கல்மரம் பதில்:

சிஐடி விஷயத்தை முதலில் முடிப்போம். சிஐடி உங்கள் பிடிஎஃப்பின் ஹாஷ் அல்ல. பிடிஎஃப்பை வெட்டி அடுக்கிய மரத்தின் உச்சிக் கணுவின் ஹாஷ். வெட்டும் விதம் மாறினால் உச்சியும் மாறும். அதனால்தான் உங்கள் ஷா-256 எதனோடும் ஒட்டவில்லை.

300 எம்பி கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பான துண்டு 262144 பைட், அதாவது 256 கேபி. ஆக 1,200 துண்டு. ஒரு கணுவுக்கு அதிகபட்சம் 174 கிளை என்பது பழைய இயல்பு, எனவே 7 இடைக்கணு, மேலே 1 உச்சி. மொத்தம் 1,208 பிளாக். சங்கர் (துண்டு வெட்டும் அமைப்பு) அளவை 1 எம்பி ஆக்கினால் 300 துண்டு, 2 இடைக்கணு, 1 உச்சி. அதே பிடிஎஃப், வேறு சிஐடி.

உங்களிடம் மாறியிருப்பது துண்டின் அளவாக இருக்காது, இலையின், அதாவது மரத்தின் அடியிலுள்ள துண்டின், வடிவமாக இருக்கும். சிஐடி பதிப்பு 0 என்றால் ஒவ்வொரு துண்டையும் புரோட்டோபஃப் (ஒரு தரவு வடிவம்) உறையில் போட்டு வைக்கிறது. பதிப்பு 1 கேட்டால் ரா-லீவ்ஸ் தானாகவே சேர்ந்துகொள்ளும், உறை கிடையாது. சோதிப்பது சுலபம்: இரண்டு கணினியிலும் உச்சியிலிருந்து டாக் கெட் கொடுத்துக் கிளை கிளையாக இறங்கி, ஏதாவது ஒரு இலையின் சிஐடிக்கு பிளாக் ஸ்டாட் கொடுங்கள். 262158 என்று வந்தால் உறை போட்டது, அந்த 14 பைட்தான் உறை. 262144 என்று வந்தால் ரா. உறை போட்ட மரத்தில் உச்சியை டாக் கெட் செய்யும்போதே நிரம்பிய இடைக்கணு ஒவ்வொன்றுக்கும் 45623854 என்று வரிசையாகத் தெரியும். அந்த எண்ணைப் பார்த்துப் பழகிவிட்டால் இலைவரை இறங்கவே வேண்டாம்.

சிஐடி பேஸ்32 கட்டளையால் க்யூஎம்மைப் பாஃபியாக மாற்றிவிட்டு "இப்போது சரியாகிவிட்டது" என்று சிலர் நினைப்பார்கள். அது முகவரியை எழுதும் விதத்தை மட்டும்தான் மாற்றும். உள்ளே இருப்பது உறை போட்ட அதே மரம், உங்கள் சர்வர் தரும் பாஃபியோடு பொருந்தாது.

இனி இரண்டு கணினியிலும் சிஐடி-வெர்ஷன்=1, சங்கர்=சைஸ்-262144 இரண்டையும் வெளிப்படையாகக் கொடுத்தே ஆட் செய்யுங்கள். இயல்பு அமைப்பை நம்பாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. ஒன்லி-ஹாஷ் சேர்த்தால் எதையும் சேமிக்காமல் சிஐடியை மட்டும் சொல்லும். இரண்டு பக்கமும் ஐந்தாறு கோப்புக்கு அப்படி ஒப்பிட்ட பிறகு மொத்தத்தையும் ஓட்டலாம்.

256 கேபிக்குள் அடங்கும் சின்னக் கோப்புக்கு மட்டும் ரா-லீவ்ஸ் இருந்தால் முழுக் கோப்பும் ஒரே பிளாக். அதன் சிஐடி பாஃப்க்ரெய் என்று தொடங்கும், உள்ளே இருக்கும் ஹாஷ் கோப்பின் ஷா-256தான். உங்கள் பிடிஎஃப்களுக்கு இது பயன்படாது.

---

நாலாயிரத்தொன்று பதில்:

504 பத்தி நான் சொல்றேன். பின் பண்ணினா அந்த பிளாக்கை உங்க வட்டிலிருந்து ஜிசி அழிக்காது, அவ்வளவுதான். ‘பின்’ என்பதை குண்டூசி என்று படிங்க. "இது என்னிடம் இருக்கு" என்று டிஎச்டியில் (யாரிடம் எது இருக்கு என்கிற பொதுப் பட்டியல்) அறிவிக்கிறது ஒரு வேலை, கேட்டு வர்றவங்க உங்க கணினியைத் தொட முடியறது இன்னொரு வேலை. மூணும் தனித்தனியா கெடும்.

முதலில் சர்வரிலிருந்து ரவுட்டிங் ஃபைண்ட்ப்ராவ்ஸ் கொடுத்து அந்த க்யூஎம்மைக் கேளுங்க. அலுவலகக் கணினியின் பியர் ஐடி (வலையமைப்பில் அதன் அடையாளம்) வரலைன்னா அறிவிப்பே போகலை. பியர் ஐடி வந்தும் கெட் தொங்கினா இணைப்புதான் பிரச்சினை.

அலுவலகத்தில் ரவுட்டரின் ‘வான்’ (வெளிப்பக்க இணைய) முகவரியைப் பாருங்க. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தா இணைய நிறுவனமே உங்களை ‘நாட்’ (பலருக்கு ஒரே வெளி முகவரி தரும் அமைப்பு) என்பதுக்குப் பின்னால் வச்சிருக்கு. ரவுட்டரில் 4001ஐத் திறந்து விடறதால் பைசா பிரயோஜனம் இல்லை. ஐபிவி6 கொடுத்தா அதில் டிசிபி, யுடிபி இரண்டிலும் 4001ஐத் திறங்க, அது போதும்.

"ரிலே இருக்கே" என்பீங்க. சர்க்யூட் ரிலே (நடுவில் நின்னு கடத்தும் கணினி) இரண்டாம் பதிப்பின் இயல்பு வரம்பு ஒரு இணைப்புக்கு 2 நிமிடம், 128 கேபி. உங்க ஒரு துண்டே 256 கேபி. ரிலே என்பது இரண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் அறிமுகம் செஞ்சுகிட்டு நாட் தடுப்பைத் துளைக்க, கோப்பு அனுப்ப இல்லை. சிமெட்ரிக் நாட் (ஒவ்வொரு இலக்குக்கும் வேறு போர்ட் தரும் வகை) என்றால் துளைப்பதும் பெரும்பாலும் நடக்காது.

உங்க இரண்டு கணினிக்கு நடுவில் டிஎச்டியே தேவையில்லை. சர்வருக்குப் பொது முகவரி இருக்கு. அலுவலகத்திலிருந்து ஸ்வார்ம் கனெக்ட் கொடுத்து சர்வரைத் தொடுங்க. இணைப்பை யார் தொடங்கினாலும் பிட்ஸ்வாப் (பிளாக் பரிமாற்றம்) இரண்டு திசையிலும் ஓடும். அது அறுந்துபோகாமல் இருக்க கான்ஃபிக்கில் பியரிங் பகுதியில் சர்வரின் பியர் ஐடியையும் முகவரியையும் எழுதி வைங்க.

வாடகை சர்வரில் இனிட் செய்யும்போது சர்வர் ப்ரொஃபைல் கொடுத்தீங்களா? இல்லைன்னா டீமன் உள் முகவரிகளைத் தேடித் தட்டும். அதைப் போர்ட் ஸ்கேன் என்று நினைச்சு சர்வர் கொடுப்பவங்க எச்சரிக்கை அனுப்புவாங்க. 5001ஐ வெளியே திறந்து வச்சிருந்தா இப்பவே மூடுங்க. அது நிர்வாக ஏபிஐ, கைக்கு வந்தவர் உங்க பின்னையெல்லாம் பிடுங்கிடலாம்.

அறிவிப்புச் சுமையைக் குறைக்க, எதையெல்லாம் அறிவிக்கணும் என்கிற ரீப்ரொவைடர் ஸ்ட்ராட்டஜியை (புதிய கூபோவில் ப்ரொவைட் ஸ்ட்ராட்டஜி) ரூட்ஸ் ஆக்கிடுங்க.

---

அறிவிப்புப்பலகை பதில்:

கடைசி வரியை அப்படியே செய்துவிட வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

400 ஜிபியை 256 கேபியால் வகுத்தால் 16 லட்சத்து 38 ஆயிரம் துண்டு. ஸ்ட்ராட்டஜி ‘ஆல்’ (எல்லாம்) என்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 20 கணுக்களிடம் போய் அறிவிக்க வேண்டும், 22 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பதிவுகள் 48 மணி நேரத்தில் காலாவதி. கணக்குப் போட்டால் நொடிக்கு 20க்கு மேல் அறிவிப்பு. ஓர் அறிவிப்புக்கே டிஎச்டியில் சில நொடி அலைய வேண்டும், ஆகவே பழைய முறையில் சுற்றே முடியாது. ஏற்றிய நாளில் கிடைத்த கோப்பு இரண்டு நாள் கழித்துக் காணாமல் போவது இப்படித்தான்.

ரூட்ஸ் இதைத் தீர்க்கும், ஆனால் உச்சியை மட்டுமே அறிவிக்கும். 1,350 பிடிஎஃப்பையும் ஒரே அடைவாக ஆட் செய்தால் பின் ஒன்றுதான், அறிவிப்பும் ஒன்றுதான். தளத்தில் தனிப் பிடிஎஃப்பின் சிஐடியைக் கொடுத்திருந்தால் அதைத் தேடி வருபவருக்கு டிஎச்டியில் ஒன்றும் அகப்படாது. உங்கள் கணினியிலும், ஏற்கெனவே உங்களோடு இணைந்திருப்பவரிடமும் திறக்கும். அதனால் சோதனையில் தப்பிவிடும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இரண்டு வழி. சுட்டியை அடைவின் சிஐடி, சாய்கோடு, கோப்புப் பெயர் என்று எழுதுங்கள். வருபவர் உச்சியைத் தேடி உங்களைப் பிடித்துவிட்டால் மீதியை உங்களிடமே கேட்டு வாங்கிக்கொள்வார். அல்லது ஒவ்வொரு பிடிஎஃப்பையும் தனியாகப் பின் செய்யுங்கள், 1,350 அறிவிப்பு ஒரு சுமையே இல்லை. ஓர் இதழ் சேர்ந்தாலும் அடைவின் சிஐடி மாறிவிடும் என்பதால் உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பட்டியல் பக்கத்துக்கு மட்டும் டிஎன்எஸ்லிங்க் டிஎக்ஸ்டி பதிவு (தளப்பெயரை சிஐடியோடு இணைப்பது) வைத்துக்கொள்ளலாம்.

அக்சலரேட்டட் டிஎச்டி கிளையண்ட்டை (வேகமாக அறிவிக்கும் முறை) சர்வரில் இயக்கலாம். அலுவலகத்தில் வேண்டாம், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இணைப்பு திறப்பதால் சாதாரண ரவுட்டர் மூச்சுத்திணறும்.

ஜிசி: ஸ்டோரேஜ்மேக்ஸ் (கிடங்கின் அளவு அமைப்பு) இயல்பில் 10 ஜிபி. அது தடுப்புச்சுவர் அல்ல, மணியடிக்கும் அளவு மட்டுமே. 90 விழுக்காடு தாண்டினால் ஜிசி ஓடும், மணிக்கொருமுறை பார்க்கும். உங்களிடம் 400 ஜிபியும் பின். ஆகவே ஒவ்வொரு மணியும் மொத்தத்தையும் துழாவி, அழிக்க ஒன்றுமில்லை என்று திரும்பும். ஓடும்போது பூட்டு விழுவதால் ஆட் செய்வதும் நிற்கும். 600ஜிபி என்று எழுதிவிடுங்கள், கதறல் நிற்கும்.

---

சுவடிக்கட்டு:

பார்த்தேன். அலுவலகத்தில் இலை 262158, சர்வரில் 262144. வான் முகவரி 100.72 என்று தொடங்குகிறது, ஐபிவி6 இல்லை. ஃபைண்ட்ப்ராவ்ஸ் சில கோப்புகளுக்கு மட்டுமே பியர் ஐடி தருகிறது. 400 ஜிபியை மறுபடி ஏற்ற வேண்டுமா? 800 ஜிபிக்கு என்ன வழி?

---

மெர்க்கல்மரம்:

ஏற்றவே வேண்டாம். சர்வரில் ஏற்கெனவே பதிப்பு 1 மரம் இருக்கிறது, பொது முகவரியும் இருக்கிறது. தளத்தின் சுட்டிகளை சர்வரின் பாஃபிக்கு மாற்றுங்கள். அலுவலகத்தில் அதே அமைப்போடு ஒன்லி-ஹாஷ் ஓட்டி 1,350 சிஐடியையும் ஒரு பட்டியலாக எடுத்து சர்வரின் பட்டியலோடு டிஃப் (வேறுபாடு) பாருங்கள். ஒத்துப்போனால் அலுவலகத்தில் நிஜமாக ஆட் செய்யுங்கள், அது இரண்டாம் நகல். க்யூஎம் சுட்டிகளை வெளியே யாரும் குறித்து வைத்திருக்கவில்லை என்றால் பழைய பின்களை எடுத்துவிட்டு ரெப்போ (கூபோவின் கிடங்கு) ஜிசி. இரண்டையும் வைத்திருந்தால் இடம் இரட்டிப்புதான், உறை போட்ட இலையும் ரா இலையும் ஒரு பைட்டைக்கூடப் பங்கிட்டுக்கொள்ளாது.

சர்வரில் 800 ஜிபி ஆனது, ஆட் செய்யும்போது பிளாக்ஸ் அடைவுக்குள் முழு நகல் விழுவதால். ஃபைல்ஸ்டோரை இயக்கி நோகாப்பி கொடுத்து ஆட் செய்தால் நகல் எடுக்காது, அசல் பிடிஎஃப்பில் எந்த இடத்தில் எந்தத் துண்டு என்று குறிப்பு மட்டும் வைக்கும். அதுவும் ரா இலைதான், பதிப்பு 1 கொடுத்தால் சிஐடி மாறாது. ரெப்போ அடைவு எந்த அடைவுக்குள் இருக்கிறதோ அதற்குள்ளேயே பிடிஎஃப்களும் இருக்க வேண்டும், இல்லையேல் மறுத்துவிடும். பிளாக் ஏற்கெனவே கிடங்கில் இருந்தால் குறிப்பு எழுதாமல் தாண்டிவிடும் என்பதால் முதலில் பின் எடுத்து, ஜிசி ஓட்டி, பிறகே நோகாப்பி. ஐம்பது ஐம்பதாகச் செய்யுங்கள், அந்த நேரம் அலுவலகக் கணினி சர்வரோடு பியரிங்கில் இருக்கட்டும்.

அதன்பின் அசல் பிடிஎஃப்பைத் தொடக்கூடாது. யாராவது ஓசிஆர் ஏற்றி அதே பெயரில் சேமித்தால் அந்தத் துண்டுகளின் ஹாஷ் தவறும், பின் இருந்தும் கோப்பு வராது. அடைவை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு, வாரம் ஒருமுறை ஃபைல்ஸ்டோர் வெரிஃபை ஓட்டுங்கள்.