ஆர்வத்தை அளக்கும் கேள்விகளில் எல்லோரும் 5-க்கு 5: மாற்று வழி தேவை

பல்கலைக்கழகம் தங்களுக்கான இடம் என்று உணரும் மாணவர்களுக்குச் சுகாதார ஏற்றத்தாழ்வுகளில் ஆர்வம் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு. முதலாமாண்டு மாணவர்கள் 212 பேர், பெயர் கேட்காத இணையப் படிவம். ஆர்வத்துக்கான 6 கேள்விகளிலும் பெரும்பாலோர் 5-ஐயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எல்லாம் உச்சியில் முட்டி நிற்பதால் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை.

பிணைப்புணர்வு (இது தங்களுக்கான இடம் என்ற உணர்வு) அளவுகோலில் சிக்கல் இல்லை. ஆய்வாளர் குட்னவ் 1993-இல் பள்ளி மாணவர்களுக்காக வெளியிட்ட 18 கேள்விகள், 'பள்ளி' வரும் இடங்களில் மட்டும் மாற்றம். எதிர்மறையான 5 கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டதும் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு; 1-ஐ நெருங்கினால் நல்லது) 0.86.

ஸ்பியர்மேன் தொடர்பு (தரவரிசையை வைத்துத் தொடர்பை அளப்பது), டோபிட் மாதிரி (உச்சியில் முட்டி நிற்கும் தரவுக்கான கணக்கு முறை) இரண்டும் போட்டாயிற்று. தரவில் வேறுபாடே இல்லாதபோது கணக்கு கைகொடுக்காது. 5 புள்ளியை 7 ஆக்கிச் சிறு குழுவிடம் கொடுத்தால் பதில்கள் 7-இல் போய்க் குவிகின்றன. "ஏழைகளுக்குச் சிகிச்சை எட்டாதது முக்கியப் பிரச்சினையா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

பிணைப்புணர்வை வலுப்படுத்தும் ஒரு சிறு பயிற்சிக்குப் பின் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்ணும், அவர்களே சொன்ன உடல்நலமும் 3 ஆண்டுகளில் மேம்பட்டதை அமெரிக்க உளவியலாளர்கள் வால்டனும் கோஹனும் 2011-இல் காட்டினார்கள். அதனால் இந்த ஆய்வைக் கைவிட மனமில்லை.

அடுத்த சுற்று 4 வாரத்தில். விருப்பப் பாடங்கள் 6-இல் 2-ஐ மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வதா, படிவத்தின் முடிவில் கட்டுரை இணைப்பு கொடுத்து யார் திறக்கிறார்கள் என்று எண்ணுவதா: உண்மையான ஆர்வத்தை எது நம்பகமாகப் பிரித்துக் காட்டும்?