செபியாப் படத்தில் மஞ்சள் நூல் மட்டும் நிறமாக: ஏன் மங்குகிறது?

தறிக்காரர் மகள், மருதமுனை:
வாப்பா தறியில் இருக்கும் படம் ஒன்றைச் செபியாவாக்கி (பழைய படங்களின் பழுப்பு நிறத்துக்கு மாற்றி), நாடாவிலிருந்து (தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் கருவி) ஓடும் மாம்பழ மஞ்சள் நூலை மட்டும் நிறத்தோடு விட நினைத்தேன். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் நிறப் படத்தைக் கீழும் செபியாப் பிரதியை மேலும் அடுக்குகளாக (லேயர்) வைத்து, மேல் லேயரில் மாஸ்க் (கறுப்புத் தீட்டிய இடத்தை மறைத்துக் கீழ்ப்படத்தைக் காட்டும் திரை) போட்டு, நூல் வரும் இடத்தைக் கறுப்புப் பிரஷ்ஷால் தீட்டினேன். இரண்டு இரவு போயிற்று. ஓரங்கள் பிசிறில்லாமல் வந்திருக்கின்றன. ஆனாலும் நூல் கண்ணில் படவே இல்லை. தேநீர் சிந்திய துணியில் மஞ்சளைத் தேடுவது போல இருக்கிறது. நிறச்செறிவைக் கூட்டினால் பிளாஸ்டிக் கயிறாகிவிடுகிறது. வாப்பாவுக்குச் சட்டமிட்டுக் கொடுக்க வேண்டிய படம் இது. எங்கே பிழை விட்டேன்?

கல்லடிக்காரன்:
தங்கச்சி, மாஸ்க்கில் பிழையில்லை. செபியா என்பதே மஞ்சளும் சிவப்பும் கலந்த பழுப்பு. நிறவட்டத்தில் அது ஏறத்தாழ 35 பாகையில் நிற்கிறது. மாம்பழ மஞ்சள் அதன் பக்கத்து வீடு. எதிர்ப்பக்கம், 215 பாகையை ஒட்டி, நீலம் இருக்கிறது. மட்டக்களப்பில் 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் படத்தை நான் செபியாவாக்கியபோது, கீழே நின்ற செம்மஞ்சள் தோணி பழுப்போடு பழுப்பாய்ப் போனது. அதே இடத்தில் நீலத் தோணி நின்ற இன்னொரு படத்தில், அதிகம் மெனக்கெடாமலே தோணி தனித்துத் தெரிந்தது. பாவில் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில்) நீல இழை இருந்தால் அதை நிறமாக விடுங்கள். மஞ்சள்தான் வேண்டுமென்றால் செபியாவின் செறிவைப் பாதியாகக் குறையுங்கள். பழுப்பு சாம்பல் பக்கம் நகர, மஞ்சள் பிரிந்து வரும்.

பழைய இருட்டறை:
நீலத்துக்கு மாற வேண்டாம், மகள். வாப்பா கையில் ஓடியது மஞ்சள் நூல்தானே. செபியாவில் ஓட்டை போட்டுக் கீழிருக்கும் நிறத்தைக் காட்டுவதை மட்டும் விடுங்கள். ஸ்டூடியோவில் நாங்கள் அப்படிச் செய்ததில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தை வெளுக்கவைத்து சல்பைடு கரைசலில் இட்டால், அதிலுள்ள வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறிப் பழுப்பேறும். அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். அந்தப் பழுப்பின் மேல்தான் நீர்த்த சாயத்தைப் பஞ்சால் தடவுவோம். நிழலும் மடிப்பும் அடியிலிருந்து தெரியும். கணினியிலும் அதையே செய்யலாம். மேலே புதிய லேயர் ஒன்று வைத்து, அதன் கலப்பு முறையை (கீழுள்ள படத்தோடு அது சேரும் விதத்தை) 'நிறம்' என்று மாற்றி, மஞ்சளை மெல்லத் தீட்டுங்கள். நூலின் சாயல் வாப்பாவின் பெருவிரலிலும் சற்றுப் பட்டிருக்கும். அங்கும் ஒரு துளி வையுங்கள். அது இல்லாவிட்டால் நூல் வெட்டி ஒட்டியது போலத்தான் தெரியும்.

தறிக்காரர் மகள், மருதமுனை:
அண்ணா, ஐயா, இரண்டையும் சேர்த்துச் செய்தேன். செபியாவைப் பாதியாக்கி, மஞ்சள் லேயரின் ஒளிபுகாமையை 60 வீதத்தில் நிறுத்தினேன். நாடாவின் துளையிலிருந்து நூல் வெளிவரும் இடத்தில் சிறு நிழல் ஒன்று இருந்தது. செறிவைக் கூட்டியபோது அதை நான் அழித்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. நிழல் திரும்பி வந்துவிட்டது. பெருவிரல் நுனியிலும் மஞ்சள் இருக்கிறது. நாளை கல்முனையில் அச்சிடக் கொடுக்கிறேன், பளபளப்பில்லாத தாளில்.