எங்கள் ஊருக்கு டிவி கடல் தாண்டித்தான் வந்தது

உப்பளத்தான் (தூத்துக்குடி பக்கம்)

டிவி வந்த கதை என்றாலே எல்லோரும் 1959 செப்டம்பர் 15, டில்லி என்று ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் 1972-ல் பம்பாய், 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னை. தேதியெல்லாம் சரிதான். ஆனால் சென்னைக்கு டிவி வந்து ஏழு வருஷம் ஆகியும் எங்களுக்கு அது பேப்பரில் படிக்கிற சங்கதி. எங்கள் ஊருக்குப் படம் வந்தது 1982-ல். வடக்கே இருந்து இல்லை, தென்கிழக்கே கடலைத் தாண்டி. இலங்கை அரசு டிவியான ரூபவாகினி.

அந்த வருஷம் பிப்ரவரி 15-ல் ஜப்பான் உதவியோடு கட்டிய நிலையத்திலிருந்து அவர்கள் ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். டிரான்ஸ்மிட்டர் இருந்தது நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகல மலையில், 2,524 மீட்டர் உயரத்தில். இலங்கையிலேயே அதைவிட உயரமான இடம் கிடையாது. எங்கள் தெருவில் முதலில் டிவி வைத்தவர் கொழும்புக்குத் தோணி விட்ட அண்ணாச்சி ஒருவர். ஜப்பான் கலர் செட். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டில்லியில் அந்த ஆகஸ்டில்தான் கலர் வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே கலர் பார்த்துவிட்டோம். இதைச் சொன்னால் சென்னைக்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை.

ஆண்டெனா பற்றிச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் இரண்டு ஜி.ஐ. பைப்பை ஒன்றின் மேல் ஒன்றாகச் சொருகி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் மீன்முள் மாதிரி அலுமினியக் குழாய்கள். அதிலிருந்து பட்டை வயர் சுவரோரமாக இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே போகும். உப்புக் காற்றில் நாலைந்து மாதத்துக்குள் வயர் இணைகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். படம் மங்கினால் பைப்பை இறக்கி, அந்த இணைப்பைச் சுரண்டி மறுபடி முறுக்க வேண்டும். உப்பைச் சுரண்ட உப்புத்தாள். அந்த வேலைக்கு அண்ணாச்சி என்னைத்தான் கூப்பிடுவார். அதனால் எனக்கு முன்வரிசையில் இடம்.

நேர்க்கோட்டில் கணக்குப் போட்டால் அந்த மலையிலிருந்து 200 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் அலை எட்டும், அதற்கப்புறம் பூமி வளைந்துவிடுகிறது. எங்கள் ஊர் 350 கிலோமீட்டர். பின்னே எப்படித் தெரிந்தது? கடல்மேல் ஈரக் காற்று கீழேயும் சூடான வறண்ட காற்று மேலேயும் படுத்துக்கிடந்தால் அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து, குழாய்க்குள் ஓடுகிற தண்ணீர் மாதிரி கடலை ஒட்டியே வந்துவிடும். நான் வயர்லெஸ் வேலைக்குப் போன பிறகுதான் இதெல்லாம் படித்தேன். அண்ணாச்சி வீட்டு ஆச்சிக்கு அது படிக்காமலேயே தெரியும். காற்று விழுந்து புழுங்குகிற பங்குனி, சித்திரை மாலைகளில், “இன்னைக்கு சிலோன் நல்லாத் தெரியும், பாயை விரிங்கலே” என்பார். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீச ஆரம்பித்தால் திரை முழுக்கக் கொசு மொய்க்கிற மாதிரி புள்ளிகள்தான்.

தெரிகிற நாளில் அறிவிப்பாளர் அம்மா கைகூப்பி “ஆயுபோவன்” (சிங்களத்தில் வணக்கம்) சொல்வார். நாங்கள் நாற்பது பேரும் திருப்பிச் சொல்வோம். சிங்களச் செய்தியை ஒரு வார்த்தை புரியாமல் முழுசாகப் பார்ப்போம். தமிழ்ச் செய்தி வந்தால்தான் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

அடுத்த வருஷம் எங்கள் அப்பாவும் ஒரு கறுப்பு வெள்ளை செட் வாங்கினார். கடைக்காரர், “பூஸ்டர் போட்டா கொழும்பே வீட்டுக்குள்ள வந்துரும்” என்று அந்தக் காலத்தில் ஒரு மாசச் சாப்பாட்டுச் செலவைக் கறந்துவிட்டார். பூஸ்டர் படத்தைப் பெருக்கும்போது கொசுவையும் சேர்த்துத்தான் பெருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கடைக்காரர் மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு டிவி எந்தத் திசையிலிருந்து வந்தது? எழுதுங்கள்.

திருவல்லிக்கேணி வாசி

நாங்கள் ‘சொந்த’ டிரான்ஸ்மிட்டர்காரர்கள். நிலையம் நடந்து போகிற தூரத்தில். இருந்தும் எங்கள் வீட்டுக்கு செட் வர எட்டு வருஷம் ஆனது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க மாடி வீட்டுக்குப் போவோம். மரப்பெட்டிக்குள் டயனோரா டிவி, இழுத்து மூடும் கதவு, அதற்கு ஒரு பூட்டு. சாவி மாமியின் இடுப்பில். சில வீடுகளில் நாலணா வாங்கினார்கள், மாமி காசு கேட்கமாட்டார், ஆனால் செருப்பு ஒழுங்காக விடாதவனை மறு வாரம் சேர்க்கமாட்டார்.

கலர் என்றதும் ஞாபகம் வந்தது. மாமி வீட்டில் செட்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் மாட்டினார்கள். மேலே நீலம், நடுவில் மஞ்சள் மாதிரி, கீழே பச்சை. வயலும் வானமும் வந்தால் அற்புதம். செய்தி வாசிப்பவருக்கு நெற்றி நீலமாகவும் தாடை பச்சையாகவும் இருக்கும். டிவிக்கு லைசென்ஸ் இருந்த காலம் அது. தபாலாபீசில் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிய வேண்டும். மாமா வரிசையில் நிற்கும்போது என்னைத் துணைக்குக் கூட்டிப் போவார்.

வைகைக்கரை

எங்களுக்கு வந்தது வானத்திலிருந்து! 1984-ல் நாளுக்கு ஒன்று என்கிற வேகத்தில் நாடு முழுக்கச் சின்னச் சின்ன டிரான்ஸ்மிட்டர்களை நட்டார்களே, அதில் ஒன்று. 20 கிலோமீட்டர் சுற்றுக்கு எட்டும். செயற்கைக்கோளில் வருகிற டில்லி நிகழ்ச்சியை அப்படியே தள்ளிவிடும், அவ்வளவுதான். சென்னை வராது. படம் கண்ணாடி மாதிரி, பேச்சு முழுக்க இந்தி. ‘ஹம் லோக்’ தொடரின் முடிவில் இந்தி நடிகர் அசோக் குமார் வந்து ஏதோ அறிவுரை சொல்வார். என்ன சொன்னார் என்று எங்கள் பாட்டி ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு விளக்குவாள். பாட்டிக்கும் இந்தி தெரியாது. கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் தமிழ் கேட்டது.

பனையடியான் (யாழ்ப்பாணம்)

உப்பளத்தான் எழுதினதை வாசிச்சுச் சிரிப்பு வந்தது. நீங்கள் எங்கட ரீவியைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் உங்கட ரீவியைப் பார்த்தனாங்கள்.

கொழும்பிலை 79 சித்திரையிலேயே ஐ.ரி.என். எண்ட ரீவி துவங்கிட்டுது. ஆனால் அது கொழும்பைச் சுத்தி மட்டும்தான். எங்களுக்கு வடக்குப் பக்கம் திருப்பினால் சென்னை. சித்தப்பா வளவிலை நிண்ட பனையிலை, வட்டுக்குக் கீழை அன்ரெனாவைக் கட்டினவர். ஏறுறதுக்கு ஊரிலை கள்ளுச் சீவுற ஒரு ஐயா இருந்தார். பின்னேரம் முட்டி மாத்த ஏறேக்கை அப்பிடியே அன்ரெனாவையும் கொஞ்சம் திருப்பிவிடுவார். மேலை நிண்டபடி, “தம்பி, படம் வருதோ?” எண்டு கேப்பார். கரண்ட் நிண்டால் கார் பற்றறி. ‘ஒளியும் ஒலியும்’ நேரத்திலை பக்கத்து வளவுச் சனம் முழுக்க எங்கட முற்றத்திலைதான்.

82-க்குப் பிறகு ரூபவாகினியும் வந்தது. சித்தப்பா பனையிலை இரண்டாவது அன்ரெனா கட்டினவர், தெற்குப் பாத்து. ஆனால் வெள்ளிக்கிழமை எண்டால் வயரை மாத்திச் சென்னைக்குத்தான் குடுப்பார்.

உப்பளத்தான்

பனையடியான் ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் வரைபடத்தை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் நேர்க்கோட்டில் 380 கிலோமீட்டர். எங்கள் ஊர் 530. சென்னை டிவிக்கு நீங்கள்தான் பக்கத்து ஊர்!

அந்த வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இங்கே “ஆயுபோவன்” சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சென்னையில் என்ன பாட்டுப் போட்டார்கள், ஞாபகம் இருந்தால் இரண்டு மூன்று சொல்லுங்கள் ஐயா.