பெயின்டரில் அரிவாள், அன்ரியலில் பிளாஸ்டிக் கத்தி. எங்கே தப்பு?

மண்டபம் முரல்:
வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துக் கதை, சேதுக்கரையை ஒட்டி நடக்கிறது. முதல் ஆள் பார்வை என்பதால் கையில் இருக்கும் ஆயுதம் எப்போதும் திரையில் கால்வாசியை அடைத்துக்கொண்டு நிற்கும், ஒளித்து வைக்க வழியே இல்லை. ஆயுதங்கள் என் தலையில். மர வளரி (எறிந்து தாக்கும் வளைதடி) முடிந்துவிட்டது. வீச்சரிவாளில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிளெண்டரில் ஹை பாலி (நுணுக்கமான மாடல்), அதிலிருந்து சுமார் 6,000 முக்கோணத்தில் லோ பாலி (கேமில் ஓடும் எளிய மாடல்), சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் பேக் (முதல் மாடலின் நுணுக்கத்தை இரண்டாவதின் மேல் படமாக இறக்குவது), 2கே டெக்ஸ்சர் (மாடலின் மேல் போர்த்தும் படம்). பெயின்டரில் பார்த்தால் தொட்டால் கையை வெட்டும் போல இருக்கிறது. அதையே கேம் எஞ்சினான அன்ரியலில் வைத்தால் திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் கத்தி. சுத்தியல் விழுந்த பள்ளங்கள் எல்லாம் கொப்புளமாக எழும்பி நிற்கின்றன, அலகு முழுக்க எண்ணெயில் முக்கியது போலப் பளபளக்கிறது, நான் போட்ட துரு ஆரஞ்சு பெயின்ட் தெளித்த மாதிரி இருக்கிறது, போதாததற்கு மினுங்கவும் செய்கிறது. துருவுக்காகப் பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் படம் எடுத்தேன், ராமநாதபுரம் அரண்மனை அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தேன். மூன்று வாரம் போய்விட்டது. படங்கள் கீழே.

கீழக்கரை நிழல்:
பள்ளம் கொப்புளமாகத் தெரிகிறது என்றதுமே ஒன்று பிடிபட்டுவிட்டது தம்பி. நார்மல் மேப்பின், அதாவது மேடுபள்ளத்தைச் சொல்லும் படத்தின், பச்சை சேனல் தலைகீழ். பிளெண்டரும் யூனிட்டியும் ஓபன்ஜிஎல் முறை, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறை. பெயின்டரில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அன்ரியலுக்கான பிரீசெட்டைத் தேர்ந்தெடுத்தால் அதுவே மாற்றிக் கொடுக்கும். இல்லையென்றால் அன்ரியலில் அந்த டெக்ஸ்சரைத் திறந்து பச்சையைத் திருப்பும் இடத்தில் ஒரு டிக் போடு.

எண்ணெய்ப் பளபளப்பு வேறு கதை. ஏஓ (இடுக்கு நிழல்), ரஃப்னஸ் (சொரசொரப்பு), மெட்டாலிக் (உலோகமா இல்லையா) மூன்றையும் ஒரே படத்தின் சிவப்பு, பச்சை, நீலத்தில் அடைத்திருப்பாய், சரிதானே? அந்தப் படத்தில் எஸ்ஆர்ஜிபி டிக்கை எடுக்காமல் விட்டிருக்கிறாய். அது இருந்தால் அன்ரியல் அதை நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும், நீ 0.5 வைத்த ரஃப்னஸ் 0.21-க்கு இறங்கிவிடும். காய்ந்த இரும்பு ஈர இரும்பாகிவிடும். நிறப் படத்துக்கு மட்டும் அந்த டிக் இருக்கட்டும். நானும் இதில் ஒரு மாதம் தொலைத்தவன்தான், வேலைக்கு அனுப்பிய டெமோவே அந்த லட்சணத்தில்தான் போனது.

துரு மினுங்குகிறதா, மெட்டாலிக் மேப்பைத் திறந்து பார், துரு இருக்கும் இடமும் வெள்ளையாகவே இருக்கும். துரு இரும்பு ஆக்சைடு, ரெண்டரிங் கணக்கில் அது உலோகம் கிடையாது. மெட்டாலிக் 0, ரஃப்னஸ் 0.8-க்கு மேல், நிறம் ஆரஞ்சைக் குறைத்து அடர் பழுப்பு. வெறும் இரும்புக்கு மெட்டாலிக் 1, நிறம் (0 முதல் 255 வரையான கணக்கில்) 200-ஐ ஒட்டிய சாம்பல். இரும்பு கறுப்பாக வேண்டும் என்று அந்த நிறத்தை 60, 70-க்கு இறக்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எல்லாம் கரித்துண்டு ஆகிறது. 180-க்குக் கீழே போகாதே. கறுப்பு வேண்டுமென்றால் மேலே ஆக்சைடு படலமாகப் போடு. பாதி உலோகம் என்ற கணக்கும் வேண்டாம், துருவும் இரும்பும் சேரும் ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் சாம்பலாக இருந்தால் போதும்.

கச்சான்:
நிழல் பாய் சொன்னதைச் செய்துவிட்டு வெளிச்சத்தையும் பார். மூன்றாவது படத்தில் சூரியன் ஒன்று இருக்கிறது, சுற்றிலும் ஒன்றுமே இல்லை. இரும்பு எதிரில் இருப்பதைத்தான் காட்டும், வெறும் சாம்பல் வானத்தை வைத்தால் அது வேறு எதைக் காட்டும்? மண்டபத்தில்தானே இருக்கிறாய், விடியற்காலையில் சூரியன் ஏறுவதற்கு முன் படகுத்துறையில் நின்று சுற்றிப் படம் எடுத்து எச்டிஆர்ஐ (சுற்றுப்புற வெளிச்சத்தைத் தரும் படம்) ஆக்கிப் போட்டுப் பார்.

சோதிக்க ஒரு வழி: அலகின் நீளத்துக்கு ஒரு ஒல்லியான ஏரியா லைட்டைப் பக்கத்தில் படுக்க வை. வெளிச்சம் அலகில் ஒரே கோடாக ஓட வேண்டும். சுத்தியல் தடமே இல்லாத இடத்தில் கோடு நெளிந்தால் அங்கே பேக் சரியில்லை. அப்புறம், பிடிதான் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது, யூவியில் (மாடலின் பரப்பைப் படத்தில் விரித்து வைக்கும் இடத்தில்) அதற்கு இடம் கூடக் கொடு, முனையில் குறைத்துக்கொள்ளலாம். முடிந்தால் 4கே.

பட்டறைக்காரன்:
செட்டிங்கை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சண்டை உன் துருவோடுதான். அப்பா கொல்லப்பட்டறை வைத்திருந்தவர், உலை ஊதி வளர்ந்த கை இது.

பாம்பன் பாலம் 1914-இல் திறந்தது, நூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்றில் நின்றது, துருவுக்குக் குறைவில்லை. ஆனால் அது பெயின்ட் அடித்த இரும்பு. பெயின்ட் கொப்பளித்து, உரிந்து, அடியிலிருந்து துரு ஒழுகும். அரிவாளுக்கு எவன் பெயின்ட் அடித்தான்? அருங்காட்சியகத்திலும் அதே சிக்கல். கிழவன் சேதுபதி 1710-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காலத்து இரும்பு இன்றைக்கு 300 வருடத் துருவோடு கண்ணாடிக்குள் இருக்கிறது, உன் ஆள் கையில் இருப்பதோ போன வருடம் அடித்தது.

நம் கரையில் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு காய்வதில்லை. அதற்காகத் தினமும் எடுக்கும் அரிவாள் முழுக்கத் துருப்பிடித்துவிடாது, துடைத்து எண்ணெய் தடவுவார்கள். துணி போகாத இடத்தில்தான் துரு குடியிருக்கும், அதாவது அலகு பிடிக்குள் நுழையும் இடம், பூணுக்கு அடி. நீ அந்த இடத்தைச் சுத்தமாக விட்டுவிட்டு அலகின் நடுவில் தெளித்திருக்கிறாய்.

நேற்று எங்கள் ஊர்ச் சந்தையில் மீன் வெட்டும் அக்காவிடம் கத்தியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன் (என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்). வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பில், விரல் அகலத்துக்கு வெள்ளை, அதில் சாணைக்கல்லின் கீறல்கள் வாய்க்குக் குறுக்கே, ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்து. அதற்கு மேல் மங்கிய சாம்பல். முதுகில் உலைக் கறுப்பு இன்னும் போகவில்லை, அந்தக் கறுப்பில் கடுகு கடுகாகத் துருப்புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னக் குழி. அதனால் துருவை நிறத்தில் மட்டும் போடாதே, நார்மலிலும் ரஃப்னஸிலும் இறக்கு. பூண் ஓரத்தில் ஒரு செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது, பிடியில் கட்டைவிரல் அழுத்தும் இடம் மட்டும் மரம் கண்ணாடி மாதிரி வழுவழுத்துக் கிடந்தது.

அதைவிட முக்கியமானது, வாய் நடுவில் உள்ளே வாங்கியிருந்தது. வருடக்கணக்கில் தீட்டித் தீட்டி இரும்பே தேய்ந்துவிட்டது. இதை எந்த டெக்ஸ்சராலும் கொண்டுவர முடியாது, மாடலிலேயே வர வேண்டும். அப்புறம் எல்லா விளிம்பிலும் ஒரே அளவில் வெள்ளைத் தேய்மானம் ஓடுகிறதே, அது பெயின்டரின் ஸ்மார்ட் மெட்டீரியல் போட்டது, நீ போடவில்லை. முதுகு எதில் உரசுகிறது, எந்தப் பக்கம் இடுப்பில் செருகுகிறான் என்று யோசித்துவிட்டு மாஸ்க்கை உன் கையால் வரை.

மண்டபம் முரல்:
பச்சையையும் எஸ்ஆர்ஜிபியையும் மாற்றினேன், இரண்டு டிக்கில் முக்கால்வாசி சரியாகிவிட்டது, மூன்று வாரத்தை நினைத்தால் அழுகை வருகிறது. அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு அப்பத்தாவின் பழைய அரிவாளை எடுத்துப் பார்த்தேன். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்ளே வாங்கியிருக்கிறது, அங்கேதான் தேங்காய் உடைப்பாராம். லோ பாலியை மாற்றி மறுபடி பேக் செய்துவிட்டேன். வாய்க்குக் குறுக்கே கீறல்களை ரஃப்னஸில் மட்டும் போட்டிருக்கிறேன், அரிவாளைத் திருப்பும்போது வெளிச்சம் உடைந்து உடைந்து ஓடுகிறது. துருவைப் பூணுக்கு அடியில் தள்ளிவிட்டேன். புதுப் படங்கள் கீழே, படகுத்துறை வெளிச்சத்தோடு.

பட்டறைக்காரன்:
இப்போது அரிவாள். முதுகில் மட்டும் கறுப்பை இன்னும் கொஞ்சம் ஏற்று.

கச்சான்:
அருமை. ஆனால் பூணின் வலதுபக்கக் கீறலும் இடதுபக்கக் கீறலும் அச்சு அசல் ஒன்றாக இருக்கிறதே, யூவியை மிரர் போட்டு மடித்துவிட்டாயா?

மண்டபம் முரல்:
யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இங்கே காலையிலிருந்து கரண்ட் இல்லை, வந்ததும் பிரித்துப் போடுகிறேன்.