மாடம்பாக்கத்தில் வீடு வாங்கலாமா? குற்ற விகிதத்தை எங்கே பார்ப்பது?

நங்கநல்லூர் வாசி கேட்டது:

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில், அகரம்தென் சாலையிலிருந்து சற்று உள்ளே ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். விலை கட்டுப்படியாகிறது. ஆனால் நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை என் மாமியார் மட்டும்தான் வீட்டில் இருப்பார். எழுபது வயதைக் கடந்தவர். "அந்தப் பக்கம் செயின் பறிப்பு அதிகம்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. ஒரு பகுதியின் குற்ற விகிதத்தைப் பார்க்க வழி உண்டா? தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஏரிக்கரைத் தெரு எழுதியது:

சகோதரி, மாடம்பாக்கம் முழுவதையும் ஒரே ஊராக நினைக்க வேண்டாம். மாவுக்கடையும் இஸ்திரி வண்டியும் இருக்கும் தெருவில் மதியத்திலும் ஆள் நடமாட்டம் இருக்கும். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளினால் காலி மனைகள், முள்செடி, எரியாத விளக்கு. விற்பவர் அழைத்துப் போகும் ஞாயிறு காலையில் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் தெரியும். வேலை நாளில் மதியம் ஒரு முறையும், இரவு கேம்ப் ரோட்டில் இறங்கி ஒரு முறையும் போய்ப் பாருங்கள். விடியலில் தனியே கோலம் போடுவதை நான் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவும் வெளியே வந்த பிறகுதான் வாசல் தெளிக்கிறேன்.

முன்னாள் ரைட்டர் எழுதியது:

அம்மா, காவல் நிலையங்களில் வழக்குப் பதிவேடுகளை எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் தேடும் எண்கள் என் போன்றவர்களின் மேசையிலிருந்து கிளம்பிப் போனவைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கையில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்ற விகிதம் இருக்கிறது. ஆனால் மாநிலம், மாவட்டம், பெருநகரம் என்ற அளவோடு அந்த அறிக்கை நின்றுவிடும். மாடம்பாக்கம் என்று ஒரு வரியை அதில் தேடாதீர்கள். தாம்பரம் காவல் ஆணையரகமே 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டால் வெவ்வேறு எல்லைகளை ஒப்பிட்டதாக ஆகும். இன்னொன்று: ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கொடியது மட்டுமே கணக்கில் ஏறும். நகைக்காக வீட்டுக்குள் புகுந்து ஒருவரைக் கொன்றால் நாங்கள் அதை ஆதாயக் கொலை என்போம். அறிக்கையில் அது கொலையாக மட்டும்தான் நிற்கும், களவின் எண்ணிக்கையில் சேராது.

இதைவிட முக்கியமானது, பதிவாகாமல் போவது. சங்கிலியைப் பறிகொடுத்தவர் "கிடைக்கவா போகிறது" என்று வீட்டுக்குப் போய்விட்டால் அந்தத் தெரு காகிதத்தில் சுத்தமாக இருக்கும். புகார் வாங்கிக்கொண்டு, முதல் தகவல் அறிக்கை போடாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டும் சான்றான மனு ரசீதோடு அனுப்பிவிட்டாலும் அப்படித்தான். புகார்களை ஒழுங்காகப் பதியும் நிலையத்தின் எண் உயரும். அதைப் பார்த்துவிட்டு அந்த ஊரைக் கெட்ட ஊர் என்பார்கள். இது எனக்குப் பணியில் இருந்த காலம் முழுவதும் உறுத்திய விஷயம். குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்று அந்த ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

ஆகவே எண்ணை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். வீட்டின் பின்சுவர் எதை ஒட்டி இருக்கிறது? காலி மனையை ஒட்டியிருந்தால், வீட்டை உடைத்துத் திருடும் கன்னக்களவுக்காரன் முன்வாசலைத் தொடவே மாட்டான். தெருவுக்கு எத்தனை வழி? செயின் பறிப்பவன் இரு பக்கமும் திறந்த, பெரிய சாலைக்கு ஓடக்கூடிய தெருவைத்தான் விரும்புவான். முட்டுச்சந்துக்குள் வண்டியை விட அவனுக்குத் தயக்கம் இருக்கும். ரோந்துக் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகம் அருகில் எந்தக் கடையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கடைசிக் கையெழுத்தின் தேதி உங்களுக்கு எந்த அறிக்கையையும்விட அதிகம் சொல்லும்.

தெருவிளக்குக்கு மாநகராட்சியில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாடம்பாக்கம் முன்பு பேரூராட்சி. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

நங்கநல்லூர் வாசி எழுதியது:

நன்றி ஐயா. பின்சுவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அது காலி மனையை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த மனைக்காரர் வெளியூரில் இருக்கிறாராம். கேமரா வைத்தால் போதுமா? ஒருவேளை ஏதாவது நடந்துவிட்டால் புகாரை எப்படிக் கொடுப்பது?

முன்னாள் ரைட்டர் எழுதியது:

கேமரா வையுங்கள், ஆனால் உங்கள் வாசற்படியை மட்டும் பார்த்தால் போதாது. தெருவில் வரும் வண்டியின் எண் தெரியும் கோணத்தில் ஒன்று வேண்டும். பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்காதீர்கள். விவரம் தெரிந்த திருடன் போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போவான். பின்பக்கம் சுவரை உயர்த்துவதற்கு முன் ஒரு விளக்குப் போடுங்கள், சமையலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளோடு இரும்புக் கதவும் போடுங்கள். மாமியாரின் நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். யாராவது குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தாலும் இரும்புக் கதவைத் திறக்காமல் பேசச் சொல்லுங்கள். 112 என்ற அவசர உதவி எண்ணை அவருடைய கைப்பேசியில் ஒரே அழுத்தத்தில் போகும்படி வைத்துக் கொடுங்கள். குடும்பமாக வெளியூர் போனால் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ரோந்தில் பூட்டிய வீட்டைப் பார்ப்பார்கள்.

புகாரைப் பற்றி: 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆவது பிரிவில் பறிப்பு தனிக் குற்றம். "எங்கள் எல்லை இல்லை" என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் பதியலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ரசீதோடு திரும்பி வராமல், அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இதை இன்றே செய்துவிடலாம். ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடை, முத்திரை, கடை ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். "ஏழெட்டு சவரன் இருக்கும் சார்" என்று சொல்லி அழுத எத்தனையோ பேருக்கு, நகை பிடிபட்ட பிறகும் அது தங்களுடையதுதான் என்று நீதிமன்றத்தில் காட்டுவது பெரும்பாடாக இருந்தது.

ஏரிக்கரைத் தெரு எழுதியது:

சகோதரி, அந்தக் காலி மனையைச் சுத்தம் செய்யச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதுவதாக இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். எங்கள் தெருவில் நாங்கள் கொடுத்த மனுவின் நகல் இருக்கிறது. இடத்தின் விவரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.